சில்லு ஆடுது, உரசுது, காத்து நிக்குதில்லை: கம்பியில் கை வைக்க முதல் பார்க்க வேண்டியவை

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணை, சில்லு ஆடுது, கம்பியை ஒருக்கா இறுக்கி விடுங்கோ." ஆடுவது உண்மைதான். ஆனால் பல நேரம் கம்பிக்கும் (ஸ்போக்) அந்த ஆட்டத்துக்கும் தொடர்பே இருக்காது. நட்டு இளகியிருக்கும், அல்லது கோன் (அச்சில் ஏறி நிற்கிற கூம்பு வடிவ நட்டு) இளகியிருக்கும், அல்லது ரயர் றிம்மில் சரியாக உட்கார்ந்திருக்காது. இவற்றைப் பார்க்காமல் கம்பியை முறுக்கினால் நல்லாயிருந்த றிம்மும் நெளிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பழுதுக்கும் காசு செலவில்லாத காரணத்திலிருந்து செலவுள்ள காரணத்துக்கு என்று எழுதியிருக்கிறேன். வரிசையைத் தாண்ட வேண்டாம்.

இது எங்கள் யாழ்ப்பாணத்தில் ஓடுகிற சாதாரண ஒற்றைப்பல்லுச் சைக்கிளுக்கு எழுதியது: லுமாலா, பழைய ராலி, ஹம்பர், பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிற லேடீஸ் சைக்கிள். மோட்டார் சைக்கிள், ஓட்டோச் சில்லுகளை இதைப் பார்த்துக் கழட்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல்

சைக்கிளைக் கவிட்டு வையுங்கோ. கம்பி பிறேக் (வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கிற பிறேக்) உள்ள பழைய சைக்கிள் என்றால் கைபிடிக்குக் கீழே சாக்கை மடித்து வையுங்கோ, இல்லாவிட்டால் பிறேக் கம்பி வளையும். மாமரக் கொப்பில் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டினால் இன்னும் நல்லது. ஓட்டும்போது இருக்கிற நிலையிலேயே சில்லைப் பார்க்கலாம்.

பிறகு சில்லைக் கையால் சுற்றிவிட்டு மூன்றையும் தனித்தனியாகச் செய்யுங்கோ. முன்னுக்கு நின்று வடிவாகப் பாருங்கோ. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ. கடைசியாக, சில்லு நின்ற பிறகு றிம்மை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கோ. இந்த மூன்றுக்கும் ஸ்பனர் தேவையில்லை. எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

பழுது 1: சில்லு பக்கவாட்டில் ஆடுகிறது

*றிம்மைப் பிடித்து அசைத்தால் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிகிறதா?*

தெரிந்தால் இது அச்சு ஆட்டம். கம்பியைத் தொட வேண்டாம்.

முதலில் இரண்டு பக்கத்து அக்சில் நட்டுகளையும் ஸ்பனரால் இறுக்கிப் பாருங்கோ. பாதிப் பேருடைய கதை இங்கேயே முடிந்துவிடும்.

நட்டு இறுக்கமாக இருந்தும் ஆடினால் கோன் இளகியிருக்கிறது. சில்லைக் கழட்டுங்கோ. கோனைக் கையால் போல்ஸில் (உள்ளே உருளுகிற இரும்புக் குண்டுகள்) முட்டும் வரைக்கும் திருகி, பிறகு ஒரு சின்ன அளவு, கால் சுற்றுக்கும் குறைவாக, பின்னுக்கு விடுங்கோ. மெல்லிய ஸ்பனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கோ. இறுக்கும்போது கோனும் சேர்ந்து கொஞ்சம் உள்ளே போகும், அதனால் ஒரே தடவையில் சரிவராது. இரண்டு மூன்று தரம் இளக்கி இறுக்கித்தான் எடுக்க வேண்டும். இதிலே அவசரப்பட்டால் போல்ஸ் எல்லாம் அரைபட்டுப் போகும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. சில்லைச் சைக்கிளில் பூட்டி, வால்வ் பக்கவாட்டில் நிற்கும்படி வைத்துக் கையை எடுங்கோ. வால்வ் இருக்கிற பக்கம் பொதுவாகக் கொஞ்சம் கனம். கோன் சரியென்றால் அந்தப் பக்கம் தானாகக் கீழே வந்து, ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடி, அடியில் நிற்கும். நடுவழியிலேயே நின்றால் இறுக்கம் கூடிவிட்டது. பின் சில்லு என்றால் செயினை எடுத்துவிட்டுப் பாருங்கோ.

எப்படிச் சரிப்படுத்தினாலும் ஓர் இடத்தில் இறுக்கமும் இன்னோர் இடத்தில் ஆட்டமும் வந்தால், அக்சில் வளைந்திருக்கிறது அல்லது கோன் தேய்ந்திருக்கிறது. அக்சிலைக் கழட்டிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கோ, வளைவு இருந்தால் துள்ளும். கரியரில் மரக்கறி மூட்டை ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகம் சந்தைக்கும் போகிற சைக்கிள்களில் பின் அக்சில் வளைவது வழமை. அக்சிலும் கோனும் தனியாக வாங்கலாம், பெரிய செலவில்லை. ஹப்புக்குள்ளே (சில்லின் நடுக்குடம்) போல்ஸ் ஓடுகிற கிண்ணம் குழிவிழுந்திருந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கோ. அப்போது ஹப் மாற்ற வேண்டும், ஹப் மாற்றுவதென்றால் கம்பி முழுக்கக் கழட்டிப் புதிதாகச் சில்லுக் கட்டுகிற வேலை.

*அசைத்தால் ஆட்டம் இல்லை, சுற்றும்போது றிம் இடமும் வலமும் போய் வருகிறதா?*

இதுதான் உண்மையான நெளிவு. கம்பிக்கு வேலை வருவது இப்போதுதான்.

முதலில் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டு போங்கோ. இறுக்கமான கம்பி கணீரென்று கேட்கும், இளகியது மந்தமாகக் கேட்கும், உடைந்தது கையோடு வரும். ஒரு கம்பி உடைந்து றிம் நெளிந்திருந்தால் மற்றக் கம்பிகளை முறுக்கி அதை நிமிர்த்தப் பார்க்க வேண்டாம், உடைந்ததை முதலில் மாற்றுங்கோ. முன் சில்லிலும் பின் சில்லின் இடப்பக்கத்திலும் நீங்களே மாற்றலாம். பின் சில்லின் செயின் பக்கம் என்றால் பிறீவீலை (செயின் ஓடுகிற பின் பல்லுச் சக்கரம்) கழட்டாமல் கம்பி போகாது. அதைக் கழட்டத் தனிச் சாவி வேண்டும், அது இல்லாதவர்கள் கடைக்குக் கொண்டுபோவதுதான் சரி.

உடையவில்லை, இளகல்தான் என்றால் ஓர் ஈர்க்குத் துண்டை முன் போர்க்கில் றப்பர் பாண்டால் கட்டி, அதன் நுனி றிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கோ. சில்லை மெதுவாகச் சுற்றி, ஈர்க்கு உரசுகிற இடத்தில் சோக்கால் குறி போடுங்கோ. றிம் வலப்பக்கம் வந்து உரசினால், அந்தக் குறிக்குள்ளே ஹப்பின் இடப்பக்கத்துக்குப் போகிற கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்துக் கம்பிகளை அதே அளவு இளக்குங்கோ. ஈர்க்கைக் கொஞ்சம் நெருக்கி வைத்துத் திரும்பவும் சுற்றுங்கோ. ஒரு தரத்துக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். திருப்புவது நிப்பிளை, அதாவது கம்பி றிம்மில் ஏறுகிற இடத்தில் உள்ள சின்ன நட்டை. ரயர் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கிறதாக வைத்தால் வலஞ்சுழியாகத் திருப்ப இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக. முதல் கம்பியில் இதை உறுதிப்படுத்திக்கொண்டு தொடங்குங்கோ.

நிப்பிள் துருப்பிடித்துத் திரும்பாவிட்டால் பலத்தைப் போட வேண்டாம். பண்ணைப் பாலத்தாலோ காரைநகர்ப் பாலத்தாலோ நாளாந்தம் போய் வருகிற சைக்கிள்களில் கடல் உப்பு நிப்பிளுக்குள்ளே ஏறி இறுகிவிடும். ஒவ்வொரு நிப்பிளிலும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கோ. அடுத்த நாளும் கம்பி முறுகுகிறது, நிப்பிள் அசைகிறதில்லை என்றால் நிறுத்துங்கோ. அதற்கு மேல் பலம் போட்டால் கம்பி அறும், அல்லது நிப்பிளின் மூலை மழுங்கும். சில்லுக் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கோ. நெளிவு ஒரு விரல் அகலத்துக்கு மேல் இருந்தாலும், றிம்மில் கம்பித் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தாலும் அதே முடிவுதான். வெடித்த றிம்மில் ஓடவே வேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கோ.

*றிம் நேராக ஓடுகிறது, ரயர் மட்டும் ஆடுகிறதா?*

ரயரின் பக்கத்தில் றிம்முக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். சில இடத்தில் அந்தக் கோடு றிம்முக்குள்ளே மறைந்தும் சில இடத்தில் உயர்ந்தும் இருந்தால் ரயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, இரண்டு கையாலும் பிசைந்து இருத்தி, திரும்பவும் அடியுங்கோ. கோடு சரியாக இருந்தும் ஓரிடத்தில் ரயர் பொம்மி நின்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த ரயருக்கு மருந்தில்லை, மாற்றுங்கோ. வாங்கும்போது பழைய ரயரில் உள்ள அளவைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கோ. பழைய பெரிய சைக்கிளுக்கு 28 x 1 1/2, லேடீஸ் சைக்கிள் பலவற்றுக்கு 26 x 1 3/8. 26 என்று மட்டும் சொல்லி வாங்கினால் றிம்மில் ஏறாத ரயர் வரக்கூடும்.

பழுது 2: மேலும் கீழும் துள்ளுகிறது

ரயர் பொம்மலால் துள்ளுகிறதா என்று முதலில் பாருங்கோ. பிறகு ஈர்க்கை றிம்மின் வெளி விளிம்புக்கு நேரே வைத்துப் பாருங்கோ. மேட்டுப் பகுதி என்றால் அந்த இடத்தில் இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் சம அளவு இறுக்க வேண்டும், பள்ளப் பகுதி என்றால் இரண்டு பக்கத்தையும் சம அளவு இளக்க வேண்டும்.

கம்பி பிறேக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதைக் கூடக் கவனிக்க வேண்டும். அந்தச் சைக்கிளில் பிறேக் கட்டை றிம்மின் பக்கத்தைப் பிடிப்பதில்லை, உட்புறத்தைப் பிடிக்கிறது. பக்க நெளிவு கொஞ்சம் இருந்தாலும் ஓடலாம். துள்ளல் இருந்தால் பிறேக் விட்டுவிட்டுப் பிடிக்கும், மழை நாளில் நிற்காது.

கிடங்கில் விழுந்து றிம் தட்டையாகிப் போயிருந்தால் கம்பியால் முழுக்கச் சரிவராது. இரும்பு றிம்மின் விளிம்பு மட்டும் மடிந்திருந்தால் குறட்டால் மெல்ல நிமிர்த்தலாம். அதற்கு மேல் சுத்தியலால் அடித்துச் சரிப்படுத்துகிற வேலையை வீட்டில் செய்யாதேங்கோ. அலுமினிய றிம் என்றால் குறடு கூட வேண்டாம், வெடித்துவிடும்.

பழுது 3: உரசுகிறது, கரகரக்கிறது, பாரமாக ஓடுகிறது

*ஒரு சுற்றுக்கு ஒரு தரம் 'சிக்' என்று உரசினால்* பிறேக் கட்டை, மட்காட், மட்காட் கம்பி மூன்றையும் பாருங்கோ. அதே இடத்தில் றிம் நெளிவு இருந்தால் பழுது 1-க்குப் போங்கோ. நெளிவே இல்லாமல் சில்லு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், நட்டுகளை இளக்கிச் சில்லை நடுவில் இருத்தி இறுக்குங்கோ. அப்படியும் முன் சில்லு சாய்ந்தே நின்றால் அதைக் கழட்டி, இடம் வலம் மாற்றிப் பூட்டிப் பாருங்கோ. சாய்வும் மறுபக்கம் மாறினால் சில்லில் கம்பி இழுவை பிழை. சாய்வு அதே பக்கத்திலேயே நின்றால் போர்க் வளைந்திருக்கிறது. போர்க்கை நிமிர்த்துவது கடைக்காரருடைய வேலை. வளைந்து நிமிர்த்திய போர்க்கில் வெடிப்பு இருக்கிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கோ, ஏனென்றால் முன் போர்க் முறிந்தால் முகம்தான் நிலத்தில் அடிபடும்.

*தொடர்ந்து கரகரவென்று கேட்டால்* போல்ஸ். சில்லைக் கழட்டி அக்சிலின் இரண்டு முனையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஒருவரைச் சுற்றிவிடச் சொல்லுங்கோ. உள்ளே மண் இருந்தால் அந்த அரைப்பு விரலுக்கு அப்படியே வரும். சில்லு வேகமாகச் சுற்றும்போது அதைச் சாய்த்துப் பார்த்தால், சாயாமல் வேறு பக்கம் கையை முறுக்கி இழுக்கும். பழுதென்று நினைக்க வேண்டாம், சுற்றுகிற எந்தச் சில்லுக்கும் உள்ள குணம் அது. பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியில் அக்சிலின் ஒரு முனையில் மட்டும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, விழாமல் சுற்றிக் காட்டுவார்களே, அதே சங்கதி. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் கையிலும் ஒருக்காக் கொடுங்கோ. கம்பிக்குள்ளே விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

போல்ஸ் கழட்டும்போது கீழே வெள்ளைத் துணி விரியுங்கோ. வழக்கமான ஹப்பில் முன் சில்லுக்கு 3/16 அங்குலப் போல்ஸ் பக்கத்துக்கு 10, பின் சில்லுக்கு 1/4 அங்குலம் பக்கத்துக்கு 9. கழட்டும்போதே எண்ணிக்கொள்ளுங்கோ. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், நல்ல போல்ஸ் முழுக்க மினுங்கும். கெட்டதில் மங்கலான பொட்டு ஒன்றாவது தெரியும். பேனை முனையைக் கோனின் ஓடுபாதையில் மெதுவாக இழுத்துப் பாருங்கோ, குழி இருந்தால் முனை தட்டும். ஒரு போல்ஸ் கெட்டிருந்தாலும் அந்தப் பக்கத்துப் போல்ஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கோ. விலை குறைந்த சாமான், இதிலே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கிறீஸ்தான் போட வேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். கொஞ்ச நாளில் பிசினாகி மண்ணைப் பிடித்து வைக்கும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் மாரியில் ஹப்புக்குள்ளே போனால் சேறாக இறுகிவிடுகிறது. மாரி முடிந்த கையோடு வருடத்துக்கு ஒருக்கா இரண்டு ஹப்பையும் திறந்து கழுவிக் கிறீஸ் போட்டால் ஹப் பல வருடம் கிடக்கும்.

பழுது 4: காத்து நிற்கவில்லை

*அடித்த காத்து இரவோடு இரவாக இறங்கினால்* ரயரைக் கழட்ட முதல் வால்வைப் பாருங்கோ. வால்வ் வாயில் எச்சில் தொட்டு வையுங்கோ. குமிழி வந்தால் உள்ளே இருக்கிற சின்ன றப்பர்க் குழாய் பழுது. எங்கள் வெயிலுக்கு அது கெதியாக உக்கிவிடும். சைக்கிள் கடையில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கக்கூடிய சாமான் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு துண்டு வாங்கி வீட்டில் வையுங்கோ.

*வால்வ் சரி, அப்படியும் இறங்கினால்* ரியூபைக் கழட்டித் தண்ணீரில் அமத்திப் பாருங்கோ. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் காரணம் தெரியும்:

- வெளிப்பக்கம், சின்ன ஒற்றை ஓட்டை: முள். நெருஞ்சியாக இருக்கலாம், வேலி அடைத்த பிறகு ஒழுங்கையில் கிடக்கிற கிளுவை முள்ளாக இருக்கலாம். வால்வை அடையாளமாக வைத்து, ரியூபில் ஓட்டை இருக்கிற தூரத்தை ரயரில் அளந்து அந்த இடத்தைத் தடவுங்கோ. முள்ளை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த நாளே திரும்பவும் போகும். விரலை வேகமாக இழுக்காமல் துணியால் தடவுங்கோ, முள் துணியில் மாட்டும்.
- பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை: காற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு கிடங்கில் இறக்கியது. டபிள்ஸ் போகிற பிள்ளைகளின் சைக்கிளில் இதுதான் கூட. ஒட்டிவிட்டு, காற்றை ரயரில் எழுதியிருக்கிற அளவுக்கு அடியுங்கோ.
- உட்பக்கம், றிம் பக்கமாக: கம்பி நுனி குத்துகிறது, அல்லது றிம்முக்கு மேலே போடுகிற நாடா விலகியிருக்கிறது. நீட்டி நிற்கிற நுனியை அரத்தால் அராவி, நாடாவை மாற்றுங்கோ. கம்பி இறுக்கிய கிழமையே காத்துப் போனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.
- வால்வ் அடியில் கிழிசல்: ஒட்ட ஏலாது. புது ரியூப்.

ஒட்டும்போது உரஞ்சித் தேய்த்து, சொலூசன் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை பொறுங்கோ. ஈரத்தோடு வைத்த ஒட்டு சித்திரை வெயிலில் கழன்றுவிடும். முழுக் காற்றோடு சைக்கிளை உச்சி வெயிலில் விடவும் வேண்டாம்.

பழுது 5: மிதித்தால் பின் சில்லு இழுக்கவில்லை

பெடல் வெறுமனே முன்னுக்குச் சுற்றுகிறது, சில்லு நிற்கிறது என்றால் பிறீவீலுக்குள்ளே இருக்கிற நாக்கு பழைய எண்ணெயிலும் மண்ணிலும் ஒட்டியிருக்கிறது. சைக்கிளைச் சாய்த்து, பிறீவீல் இடுக்கால் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றிக் கழுவுங்கோ. கறுப்புத் தண்ணீர் வடிவது நின்ற பிறகு மெல்லிய எண்ணெய் சில சொட்டு. கிறீஸ் போட்டால் நாக்குத் திரும்பவும் ஒட்டும். கழுவியும் வழுக்கினால் புதுப் பிறீவீல். அதைக் கடையில் மாற்றுங்கோ.

வழுக்காமல் 'டக்' என்று பல்லுத் தாண்டினால் செயினும் பல்லும் தேய்ந்துவிட்டன. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைத் தின்னும்.

மேடு ஏறும்போது பின் ரயர் சட்டத்தின் இடப்பக்கம் போய் உரசுவது வேறு பழுது. மிதிக்கும்போது செயின் வலப்பக்க அக்சிலை முன்னுக்கு இழுக்கிறது, வலப்பக்க நட்டுப் பிடிக்கவில்லை. வோசர் தேய்ந்திருந்தால் மாற்றி, சில்லை நடுவில் வைத்து வலப்பக்கத்தை முதலில் இறுக்குங்கோ. செயின் நடுவில் மேலும் கீழும் அரை அங்குலம் அளவுக்கு ஆட வேண்டும்.

பழுது 6: கம்பி அடிக்கடி உடைகிறது

பின் சில்லு, செயின் பக்கம், ஹப்பில் வளைந்து கொழுவுகிற இடத்தில் உடையும். கூட இறுக்கியதால் உடைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அனேகமாக நேர்மாறு: இளகின கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இழுபட்டு, அந்த வளைவில் களைத்து முறிகிறது. ஒன்று உடைந்தால் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துச் சம இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கோ. அதற்குப் பிறகும் ஒன்றன் பின் ஒன்றாக உடைந்தால் அந்தச் சில்லின் கம்பிகள் எல்லாம் ஒரே வயதுதான். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல் முழுக்கப் புதுக் கம்பி போட்டுக் கட்டுவிக்கிறது மலிவு. பாரம் ஏற்றுகிறவர்கள் கட்டுகிறவரிடம் அதைச் சொல்லிக் கட்டுவியுங்கோ, அவர் தடித்த கம்பி போடுவார்.

பழுது 7: டைனமோ வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறது

சில்லுச் சுற்றுகிற வேகத்தோடு வெளிச்சமும் கூடிக் குறைந்தால் அது டைனமோவின் குணம். ஒரு சுற்றுக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தால் ரயரோ றிம்மோ நெளிந்திருக்கிறது, பழுது 1-க்குப் போங்கோ. 1990-க்குப் பிறகு யுத்தத்தால் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடை என்று இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிட்டுப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட வீடுகள் இங்கே எத்தனையோ. அந்தச் சைக்கிள்களில் சில இன்னும் டைனமோவோடு ஓடுகின்றன. அவற்றைக் கழட்டி எறியாமல் திருத்தி வைத்திருப்பவர்களை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

வெளிச்சமே இல்லையென்றால் பல்பைப் பாருங்கோ. பிறகு வயர் முனை. பிறகு டைனமோ பூட்டுகிற இடம்: மின்சாரம் சட்டத்தால்தான் திரும்பி வருகிறது, அங்கே பெயின்ரோ துருவோ இருந்தால் ஓட்டம் அறும். அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு ஆணியை இறுக்குங்கோ. மழையில் மட்டும் அணைந்தால் டைனமோத் தலை ரயரில் வழுக்குகிறது, கொஞ்சம் நெருக்கிப் பூட்டுங்கோ. பின் பல்ப் எரிந்துபோயிருந்தால் முன் பல்பும் வேகத்தில் எரிந்துபோகும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ. பழையவை பெரும்பாலும் 6 வோல்ற், 3 வாற். அதற்குரிய பல்பைத்தான் போட வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எரியாவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கும். அதைச் சுற்றத் தெரிந்த மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டுப் பாருங்கோ. அதுவரைக்கும் பற்றரியில் எரிகிற சின்ன எல்ஈடி விளக்கு ஒன்றை முன்னுக்குக் கட்டுங்கோ, பின்னுக்குச் சிவப்பு ஒன்று.